தீவுகளைவிட மூத்த செடிகள்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் பெரிய தீவுகளில் மிகப் பழையது கவாய். அதன் வயது ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகள். அந்தத் தீவுக்கூட்டத்தின் ஈரமான மலைக்காடுகளில் லோபீலியா வகைச் செடிகளில் 126 இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஹவாய்க்கே உரிய பூக்கும் தாவரங்களில் கிட்டத்தட்ட எட்டில் ஒன்று இந்த வகை. மரமாக வளர்வது, பாறையில் தொற்றி நிற்பது, கூரைபோல் இலை விரிப்பது, பனைபோல் ஒற்றைத் தண்டில் உயர்வது என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத தோற்றங்கள். அதனால், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மூதாதைகள் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் தாவரவியலாளர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2009-இல் தாமஸ் கிவ்னிஷும் அவருடைய குழுவினரும் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது கிடைத்த விடை வேறு. 126 இனங்களும் ஒரே ஒரு மூதாதையின் பிள்ளைகள். அந்த மூதாதை ஹவாயில் வேர்விட்டது சுமார் 1.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு.

அப்போது கவாய் கடலுக்கு மேலே வரவே இல்லை. ஓவாகு, மாவி, ஹவாய் ஆகிய மற்றத் தீவுகள் அதற்கும் பின்னால் பிறந்தவை. பிறகு அந்தச் செடி எங்கே நின்றது?

பசிபிக் கடலடியில் ஓரிடத்தில் பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பு ஓயாமல் மேலே வந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேலே கடல்தரைப் பாறைத்தட்டு மெல்ல மெல்ல வடமேற்காக நகர்கிறது. குழம்பு வரும் இடத்தில் ஒரு மலை எழுகிறது, தட்டோடு சேர்ந்து நகர்கிறது, குழம்பின் ஊட்டம் நின்றுபோகிறது. பிறகு மழையும் அலையும் அதை அரிக்க, தன் எடையாலும் அது கீழே இறங்க, கடைசியில் கடல் மூடிவிடுகிறது. கவாய்க்கு வடமேற்கே கடலில் அங்கங்கே தலைகாட்டும் சிறு பாறைகளும் பவளத்திட்டுகளும் அப்படி மூழ்கிய மலைகளின் மிச்சங்கள். ஒருகாலத்தில் அவை மேகம் தவழும் உயரமான தீவுகள். லோபீலியா வந்து இறங்கியது அவற்றில் ஒன்றில்தான். அந்தத் தீவு கரைந்து மூழ்குவதற்குள் அதன் சந்ததி அடுத்த தீவுக்குத் தாவிவிட்டது. அதுவும் மூழ்குவதற்குள் அதற்கடுத்த தீவுக்கு. இன்று கவாய்க் காட்டில் நிற்கும் செடியின் பரம்பரையில் பல தலைமுறைகள் வாழ்ந்த மண் இப்போது கடலுக்கு அடியில் இருக்கிறது. தாவரங்களின் வரலாற்றில் எனக்குத் தெரிந்த வியப்புகளில் இதற்கு முதலிடம் தருவேன்.

ஹவாயில் அந்த ஒற்றை மூதாதை எடுத்த வடிவங்களில் மிகப் பெரிய கிளை சயானியா. ஏறத்தாழ 80 இனங்கள். இவை நிழலான காட்டின் அடித்தட்டில் வளர்பவை. சதைப்பற்றுள்ள பழம் தருபவை. பழத்தைத் தின்னும் காட்டுப் பறவைகள் மரநிழலை விட்டு வெளியே அதிகம் போகாதவை. அதனால் விதை தூரம் போவதில்லை. ஒரு பள்ளத்தாக்கில் விழுந்தது அந்தப் பள்ளத்தாக்கோடு நின்றுவிடுகிறது. பக்கத்து முகட்டுக்கு அப்பால் இருக்கும் உறவோடு கலப்பில்லாமல் தனிவழி போகிறது. பெரும்பாலான சயானியா இனங்கள் ஒரே ஒரு தீவில் மட்டும் இருப்பதற்குக் காரணம் இதுதான். இதே பரம்பரையில் வெட்டவெளியில் வளர்ந்து, தூசிபோன்ற விதையைக் காற்றில் பறக்கவிடும் கிளைகளும் உண்டு. அவை தீவு தீவாகப் பரவின, ஆனால் அவற்றில் இனங்கள் மிகச் சில. நன்றாகப் பயணம் செய்யத் தெரிந்தவை பரவுகின்றன. பயணம் செய்யத் தெரியாதவை பிரிந்து பெருகுகின்றன. இந்தக் கட்டுரை முழுக்க இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

சயானியாவில் இன்னொரு புதிர். சுமார் 20 இனங்களில் தண்டிலும் இலையிலும் முட்கள் இருக்கின்றன. மேயும் விலங்கு இருக்கும் நாட்டில் முள் இருப்பது புரிகிறது. ஹவாயிலோ மனிதர் கொண்டுவரும்வரை ஆடும் இல்லை, மானும் இல்லை, பன்றியும் இல்லை. வௌவாலைத் தவிர நிலத்தில் பாலூட்டியே இல்லாத தீவு அது. அங்கே முள் யாருக்காக? முட்கள் பெரும்பாலும் இளஞ்செடிகளிலேயே இருக்கின்றன. செடி ஓர் உயரத்தைத் தாண்டியதும் புதிய தண்டிலும் இலையிலும் முள் குறைந்துபோகிறது. கிவ்னிஷின் குழு 1994-இல் சொன்ன விடை: வாத்துகள். பறக்க மறந்து, வாத்துக் குலத்துக்கே பொருந்தாத அளவுக்குப் பருத்துப்போய், இலைதழைகளை மேய்ந்து திரிந்த மோவா நாலோ என்ற பறவைகளின் எலும்புகள் ஹவாயில் கிடைத்திருக்கின்றன. மனிதர் வந்தபின் அவை அற்றுப்போயின. அவற்றின் அலகு எட்டும் உயரம்வரை செடி தன்னைக் காத்துக்கொண்டது என்பது அவர்கள் வாதம். நேரில் பார்த்து உறுதிசெய்ய வழியில்லாத வாதம்தான் என்றாலும், முள்ளின் இடமும் பறவையின் உயரமும் இவ்வளவு பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

இந்தச் செடிகள் யார் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். தாவரவியல் இவற்றை மணிப்பூக் குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாக வைக்கிறது. உலகெங்கும் ஏறத்தாழ 1,200 இனங்கள். நம் ஊர்ப் பூந்தொட்டிகளில் விளிம்போரம் நீலநீலமாகப் பூக்கும் ஒரு சிறுசெடி உண்டு, ஒரு சாண் உயரம். அது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த லோபீலியா. கிழக்கு ஆப்பிரிக்கக் காடுகளில் ஒரு லோபீலியா பூத்தண்டோடு சேர்த்து 9 மீட்டர்வரை நிமிர்ந்து நிற்கும். இரண்டும் உறவு என்பதற்கு அடையாளம் பூவில் இருக்கிறது.

அந்தப் பூவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மொட்டு வளரும்போதே அதன் காம்பு அரைவட்டம் முறுக்கிக்கொள்கிறது. ஆகவே பெரும்பாலான இனங்களில் பூ தலைகீழாகத்தான் மலர்கிறது. மற்றப் பூக்களில் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கும் மகரந்தப்பைகள் ஐந்தும் இங்கே பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு குழலாகிவிட்டன. மகரந்தம் வெளியே கொட்டாமல் இந்தக் குழலுக்குள்ளேயே உதிர்கிறது. குழலின் அடியிலிருந்து பூவின் பெண்ணுறுப்பான சூல்தண்டு வளர்ந்து வருகிறது. அதன் நுனி இன்னும் மூடியிருக்கிறது. நுனியைச் சுற்றி ஒரு வளையம் முடிகள். முறுக்குப் பிழியும் குழலில் கட்டை இறங்குவதுபோல அது உள்ளிருக்கும் மகரந்தத்தை நெட்டித் தள்ள, குழலின் வாய்வழியே கொஞ்சம் கொஞ்சமாக மகரந்தம் வெளிவந்து, தேன் குடிக்க வந்த பறவையின் தலையில் ஒட்டுகிறது. இது பூவின் ஆண்பருவம். சில நாட்களில் மகரந்தம் தீர்ந்துவிடும். பிறகு அதே சூல்தண்டு குழலைத் தாண்டி வெளியே நீண்டு, மூடியிருந்த நுனியை இரண்டு மடலாக விரிக்கிறது. இப்போது பூ பெண். வேறொரு பூவிலிருந்து மகரந்தம் சுமந்துவரும் பறவையின் தலையில் அதே இடத்தைத் தொட்டு எடுத்துக்கொள்கிறது.

கொடுப்பதும் வாங்குவதும் ஒரே புள்ளியில். அந்தக் குழலின் நீளம் சில மில்லிமீட்டர் மாறினாலும் மகரந்தம் ஒட்டும் இடம் மாறிவிடும். நெற்றியில் ஒட்டியது உச்சந்தலைக்குப் போய்விடும். அத்தனை சிறிய மாற்றமே இரண்டு செடிக்கூட்டங்களுக்கு இடையே கலப்பைத் தடுத்துவிடப் போதும். இந்தக் குடும்பம் ஏன் இத்தனை இனங்களாகப் பிரிந்தது என்று கேட்டால், முதலில் நான் காட்டுவது இந்தக் குழலைத்தான். இரண்டாவது காரணம் மலை.

குடும்பத்தின் தொடக்கம் ஆப்பிரிக்காவின் தென்முனையில், சிறு பூண்டுகளாக. அலெக்சாந்தர் அந்தோனெல்லி 2009-இல் வெளியிட்ட ஆய்வு அப்படித்தான் காட்டுகிறது. அங்கிருந்து பல திசைகளில் பரவியதில் ஒரு கிளை ஆசியாவின் கிழக்குப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கிளையில் இரண்டு பெரிய மாற்றங்கள் தெரிகின்றன. தண்டு மரத்தன்மை பெற்றது. குரோமோசோம்களின் எண்ணிக்கை இரட்டித்தது. ராட்சத லோபீலியாக்கள் எனப்படும் வரிசை அதிலிருந்துதான் வந்தது. எரிக் நாக்ஸும் சுன்யு லீயும் 2017-இல் இதற்கான சான்றுகளை முன்வைத்தார்கள். ஆப்பிரிக்க மலையுச்சிகளின் ராட்சதச் செடிகள் ஆப்பிரிக்காவிலேயே பூண்டிலிருந்து வளர்ந்து பெருத்தவை என்று நினைப்பதுதான் இயல்பு. ஆனால் குடும்பம் அந்தக் கண்டத்தைவிட்டுக் கிளம்பி, ஆசியாவில் மரமாகி, மீண்டும் அதே கண்டத்துக்குத் திரும்பியிருக்கிறது. திரும்பி வந்தபோது அங்கே புதிய மலைகள் எழுந்துகொண்டிருந்தன.

கென்யா மலை நிலநடுக்கோட்டை ஒட்டி நிற்கிறது. உயரம் 5,199 மீட்டர். 4,200 மீட்டரில் இருக்கும் டெலிக்கி பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பருவம் மாறுவதில்லை. ஒரு நாளுக்குள்ளேயே மாறிவிடுகிறது. பகலில் மெல்லிய காற்றின் ஊடே வெயில் நேராக இறங்கித் தோலைச் சுடும். சூரியன் மறைந்ததும் வெப்பம் சரிந்து, ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் உறைநிலைக்குக் கீழே போகும். இமயமலைச் செடிக்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. அப்போது இலையை உதிர்த்துவிட்டு உறங்கலாம். இங்கே உறங்க முடியாது. பகல் வளர்வதற்கான பருவம், இரவு பிழைத்துக் கிடப்பதற்கான பருவம். இந்த இரண்டையும் 365 நாளும் சமாளிக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் ஈரமான பகுதிகளில் வளரும் லோபீலியா கெனியென்சிஸ் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தடித்த இலைகள் தரையை ஒட்டி வட்டவட்டமாக அடுக்கி ஒரு கிண்ணமாகின்றன. கிண்ணத்தில் நீர் தேங்கி நிற்கிறது. அது மழைநீர் மட்டுமல்ல, செடியே சுரக்கும் வழவழப்பான திரவமும் கலந்தது. வளர்நுனி, அதாவது செடியின் உயிர்நிலை, இந்த நீருக்கு அடியில் இருக்கிறது. இரவில் இலைகள் உள்நோக்கி மடங்குகின்றன. நீரின் மேல்பரப்பு உறைகிறது. நீர் பனிக்கட்டியாகும்போது வெப்பத்தை வெளிவிடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்த வெப்பமும் மேலே மூடிய பனித்தகடும் சேர்ந்து அடியிலிருக்கும் நுனியை உறையாமல் காக்கின்றன. விடிந்து ஒரு மணிநேரம் வெயில் பட்டதும் தகடு கரைந்து, இலைகள் விரிந்து, செடி வேலைக்குத் திரும்பிவிடுகிறது.

அதே மலையின் வறண்ட பாறைச்சரிவுகளில் இன்னொன்று வளர்கிறது. லோபீலியா டெலிக்கியீ. 1887-இல் இந்த மலையில் ஏறிய ஹங்கேரியப் பிரபு சாமுவேல் டெலிக்கியின் பெயர் அதற்கு. இதன் பூத்தண்டு ஓர் ஆளைத் தாண்டிய உயரத்துக்கு எழும்பும். தண்டு முழுக்க நீண்ட, முடியடர்ந்த சாம்பல்நிறச் செதில்கள் தொங்கும். நீலப் பூக்கள் அந்த முடிக்காட்டுக்குள் ஒளிந்திருக்கும். தலையை உள்ளே நுழைத்துத் தேனெடுக்க வருவது ஜான்ஸ்டன் தேன்சிட்டு என்ற பளபளக்கும் பச்சைப் பறவை; செடியின் முடிப்போர்வைக்குள் குளிருக்கு ஒதுங்கும் பூச்சிகளும் அதற்கு உணவு. தண்டின் உட்புறம் வெற்றிடம், அதில் லிட்டர் கணக்கில் நீர். 1979-இல் இந்த நீரைச் சோதித்த நார்வே ஆய்வாளர்கள் அதில் பனி பிடிக்கத் தூண்டும் ஒரு பொருள் கலந்திருப்பதைக் கண்டார்கள். வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றே கீழே இறங்கியதுமே நீர் உறையத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மெதுவாக, இரவு முழுவதும், வெப்பத்தைக் கசியவிட்டபடி. முழுவதும் உறைந்துமுடிவதற்குள் பொழுது விடிந்துவிடும். உறைவதைத் தள்ளிப்போடப் பார்க்கும் செடிகளே அதிகம். இது முந்திக்கொண்டு உறையவிட்டுப் பிழைக்கிறது.

இந்த இரண்டு செடிகளுக்கும் வாழ்க்கையைப் பற்றிய கணக்கும் வேறுவேறு. கெனியென்சிஸ் ஒரே வேரில் பல இலைக்கிண்ணங்களை வைத்திருக்கும். ஒன்று பூத்து மடிந்தாலும் மற்றவை வாழும், பிறகு பூக்கும். டெலிக்கியீ பல பத்தாண்டுகள் பூக்காமல் சேமித்து, ஒரே ஒருமுறை பூத்து, விதை முற்றியதும் செத்துவிடும். இவ்வளவு நெருங்கிய உறவுகள் ஏன் இப்படி இருவழி பிரிந்தன என்பதை ட்ரூமன் யங் ஆண்டுக்கணக்கில் அங்கே செடி செடியாக எண்ணி ஆராய்ந்தார். விடை ஈரத்தில் இருந்தது. வறண்ட சரிவில் ஒருமுறை பூத்த செடி மறுமுறை பூக்கும் வரை உயிரோடிருக்கும் வாய்ப்புக் குறைவு. அடுத்த தடவைக்கென்று மிச்சம் வைத்தால் அந்த மிச்சம் வீண். ஆகவே இருப்பதையெல்லாம் ஒரே பூங்கொத்தில் கொட்டிவிடுவதே லாபம். ஈரமான பள்ளத்தில் அடுத்த தடவைக்கு நம்பி இருக்கலாம். நடந்தால் சில நிமிடத் தூரம். வாழ்வதற்கும் சாவதற்கும் இரண்டு வேறு விதிகள்.

கென்யா மலைக்கு அப்பால், சமவெளியின் வெப்பத்துக்கு மறுபுறம், ஒவ்வோர் உயரமான மலையிலும் கெனியென்சிஸின் உடன்பிறப்பு ஒன்று நிற்கிறது. கிளிமஞ்சாரோவில் டெக்கெனியீ, அபர்டேரில் சட்டிமே, எல்கனில் எல்கொனென்சிஸ், ருவென்சோரியில் பெக்குவேர்ட்டியீ, மேரு மலையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பர்ட்டியீ. பனியூழிகளின்போது குளிர் கீழே இறங்க, செடிகளும் கீழே இறங்கி மலைகளுக்கு இடையே இருந்த தூரம் குறைந்தது; வெப்பம் திரும்பியபோது அவை மறுபடி உச்சிக்கு ஒதுங்கின. ஆனாலும் உச்சிகள் எப்போதும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடவில்லை. இடையிலிருந்த வெளியைக் காற்று எப்போதாவது ஒரு விதையைக் கடத்திவிடும், அவ்வளவுதான். கடலுக்கு நடுவே தீவு எப்படியோ, வெப்பச் சமவெளிக்கு நடுவே குளிர்மலை அப்படி. ஹவாயில் நடந்ததும் ஆப்பிரிக்காவில் நடந்ததும் ஒன்றே.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் இது நடந்த வேகம் வேறெங்கும் இல்லாதது. சென்ட்ரோபோகன், சைஃபோகாம்பைலஸ், பர்மைஸ்டெரா என்ற மூன்று பேரினங்கள் சேர்ந்து ஏறத்தாழ 550 இனங்கள். இவை பெருகியது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்குள். 2016-இல் லாரா லகோமார்சினோவும் குழுவினரும் இதன் காரணங்களை ஆராய்ந்து, ஆண்டிஸ் எழும்பியதும் உலகம் குளிர்ந்ததும் ஒருபுறம், செடிகளே கண்டுகொண்ட புதிய உறவுகள் மறுபுறம் என்று காட்டினார்கள். மலை உயர்ந்தபோது ஒவ்வொரு முகடும் ஒரு மேகக்காட்டை இன்னொன்றிலிருந்து பிரித்தது. அந்தக் காடுகளில் மகரந்தம் சுமக்க ஹம்மிங் பறவைகளும் வௌவால்களும் இருந்தன. உலர்ந்து வெடிக்கும் காய்கள் பல கிளைகளில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், சதைப்பழங்களாக மாறின. பழந்தின்னிகள் அவற்றைச் சுமந்தன.

பூவின் கதை இங்கேதான் உச்சத்துக்குப் போகிறது. அரிவாள்போல் வளைந்த அலகுள்ள ஹம்மிங் பறவை ஒன்று உண்டு. அதே வளைவில் பூக்குழல் வளர்ந்த சென்ட்ரோபோகன் இனங்கள் உண்டு. பறவை கிளையில் உட்கார்ந்து அலகைச் செருகினால் உறை போட்டதுபோல் பொருந்தும். இரவில் பூக்கும் இனங்கள் நிறத்தை விட்டுவிட்டு, வெளிறிய பச்சையும் அகன்ற வாயுமாகி வௌவாலுக்கு வாசல் திறக்கின்றன. எக்வடோரின் மேகக்காட்டில் 2005-இல் விவரிக்கப்பட்ட அனூரா ஃபிஸ்டுலேட்டா என்ற வௌவாலின் உடல், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் நாக்கு 8.5 சென்டிமீட்டர் நீளும், உடலின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. அவ்வளவு நீள நாக்கை வாய்க்குள் வைக்க இடமில்லை. நேதன் முச்சாலா ஆராய்ந்து பார்த்தபோது நாக்கின் அடி தொண்டையைத் தாண்டி, விலா எலும்புக்கூட்டுக்குள் இறங்கி, நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே கிடந்தது. அந்த நாக்கின் நீளத்துக்கு ஏற்ற பூ சென்ட்ரோபோகன் நைக்ரிகன்ஸ். அந்தப் பூவின் மகரந்தத்தைச் சுமப்பதாகக் கண்டறியப்பட்டது இந்த ஒரு வௌவால் மட்டுமே.

நாக்கு நீண்டதால் பூ நீண்டதா, பூ நீண்டதால் நாக்கு நீண்டதா என்று கேட்கத் தோன்றும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போயிருக்கின்றன. தேன் கொஞ்சம் ஆழத்தில் இருந்தால் வௌவால் தலையை நன்றாக அழுத்தும், மகரந்தம் நன்றாக ஒட்டும். நாக்கு கொஞ்சம் நீண்டால் தேன் கூடுதலாகக் கிடைக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு துளி லாபம். லட்சக்கணக்கான ஆண்டுகள் அது தொடர்ந்தால் நாக்கு இதயத்தின் பக்கத்தில் போய் நிற்கிறது.

பர்மைஸ்டெராவில் முச்சாலாவின் குழு பார்த்தது இதைவிட நுட்பமானது. ஒரே காட்டில் பல பர்மைஸ்டெரா இனங்கள் அருகருகே பூக்கின்றன. அத்தனைக்கும் வருவது அதே வௌவால்கள். மகரந்தம் ஒன்றோடொன்று கலந்து வீணாக வேண்டும். ஆனால் சேர்ந்து வளரும் இனங்களைப் பார்த்தால், மகரந்தக் குழல் பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்று வௌவாலின் மூக்குப் பக்கம் தடவுகிறது, இன்னொன்று காதுகளுக்கு நடுவே. ஒரே வௌவால் வெவ்வேறு பூக்களின் மகரந்தத்தைத் தலையில் தனித்தனி இடங்களில் வைத்துச் சுமக்கிறது. முன்னால் சொன்ன அந்த ஒட்டிப்போன குழலும் நெட்டித்தள்ளும் சூல்தண்டும் இல்லாவிட்டால் இந்தத் துல்லியம் முடியாது. மகரந்தத்தை அள்ளித் தெளிக்கும் பூவால் ஓர் உயிரின் தலையைப் பங்குபிரித்துக்கொள்ள இயலாது.

இவ்வளவு துல்லியத்துக்கு ஒரு விலையும் இருக்கிறது. துணை போனால் செடியும் போகும். கவாயின் கடலோரச் செங்குத்துப் பாறைகளில் வளர்ந்த ப்ரிகாமியா இன்சிக்னிஸ் என்ற லோபீலியாச் சொந்தத்துக்கு மகரந்தம் சுமந்தது ஒரு பருந்து அந்துப்பூச்சி என்று கருதப்படுகிறது. அந்தப் பூச்சியை அங்கே காணவில்லை. ஸ்டீவ் பெர்ல்மன் போன்ற தாவரவியலாளர்கள் கயிறு கட்டிப் பாறையில் இறங்கி, தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் வைத்தார்கள். அப்படிக் கிடைத்த விதையால்தான் இன்று அது தோட்டங்களில் இருக்கிறது. இயற்கையில் கடைசிச் செடி பார்க்கப்பட்டது 2014-இல். ஹவாய் மலைக்காடுகளில் இந்தச் செடிகளின் தேனைக் குடிக்கும் சிவப்புத் தேன்பறவைகளைக் கொசு கொண்டுவந்த மலேரியா மேலே மேலே துரத்துகிறது. தட்பவெப்பம் உயர உயரக் கொசுவும் ஏறுகிறது. எத்தியோப்பியாவில் பேலே, சிமியன் மலைகளில் நிற்கும் லோபீலியா ரிங்கோபெட்டலத்தைப் பற்றி 2016-இல் வந்த ஆய்வு, 2080-இல் அதன் இப்போதைய வாழிடத்தில் நூற்றில் நான்கு பங்குகூட எஞ்சாது என்று கணிக்கிறது. சமவெளிச் செடிக்கு வெப்பம் கூடினால் மலை இருக்கிறது. மலையுச்சிச் செடிக்கு மேலே எதுவும் இல்லை.

இந்த ராட்சதர்களின் உறவுகளைப் பார்க்க நாம் கென்யாவுக்குப் போக வேண்டியதில்லை. நீலகிரியிலும் பழநி மலையிலும் இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் அதே பெருங்கிளையைச் சேர்ந்த லோபீலியாக்கள் வளர்கின்றன. ஒன்று நிகோஷியானிஃபோலியா, நம் மக்கள் காட்டுப் புகையிலை என்று சொல்வது. ஓர் ஆளைவிட உயரமாக வளர்ந்து, வெள்ளைப் பூக்களை நெடுந்தண்டில் அடுக்கும். மலைச்சாலைகளின் ஓரத்தில்கூடத் தென்படும். இன்னொன்று லெஷனோல்ட்டியானா, சோலையின் விளிம்பிலும் உயரப் புல்வெளியிலும் நிற்பது, ஊதா சாயல் பூ. 1816 முதல் சில ஆண்டுகள் புதுச்சேரியில் இருந்துகொண்டு தென்னிந்திய மலைகளில் செடி சேகரித்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயரால் அழைக்கப்படுகிறது. இரண்டும் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் நஞ்சு, ஆகவே கண்ணால் பார்த்தால் போதும். அடியிலிருந்து மேலாகப் பூப்பதால் ஒரே தண்டில் இரண்டு பருவங்களையும் காணலாம்: கீழ்ப் பூக்களில் இரண்டு மடலாக விரிந்த சூல்முடி, மேற்பூக்களில் மகரந்தம் பிதுங்கும் குழல்.

இவற்றின் வீடான புல்வெளியைத்தான் நாம் வேகமாக இழந்துவருகிறோம். பழநி மலையின் உயரப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு 40 ஆண்டுகளுக்குள் மறைந்துவிட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் காட்டியது. அந்த இடங்களில் இப்போது நிற்பவை சீகை, யூகலிப்டஸ், பைன் தோப்புகளும் விளைநிலங்களும். வெறும் புல்தானே, மரம் இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தில் நடப்பட்ட மரங்களும் அவற்றில் உண்டு. அந்தப் புல்வெளி மரம் இல்லாமல் போன காடு அல்ல. மனிதர் கை படுவதற்கு முன்பிருந்தே அது புல்வெளி. அடர்ந்த தோப்பின் நிழலில் லெஷனோல்ட்டியானா பிழைக்காது. பழநியில் இடம் போனால் அது சமவெளியைத் தாண்டி வேறு மலைக்குக் குடிபோகவும் முடியாது. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ மரம் நடும் விழாவுக்கு உங்களை யாராவது அழைத்தால், எந்த இடத்தில் நடப்போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். புல்வெளி என்றால் போகாதீர்கள், மற்றவர்களையும் தடுத்து நிறுத்துங்கள். ஏற்கெனவே பரவிய சீகையை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை அந்த மலைகளில் நடக்கிறது. கை கொடுக்க விரும்புகிறவர்கள் அதற்குக் கொடுங்கள்.